எதிலிருந்து விலகினேன்

குற்றச்சாட்டு இதுதான். 2025ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான் எழுதிக் கொடுக்காத ஒரு ராஜினாமாவை இம்மருத்துவமனையின் பணியாளர் பிரிவு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதைத் தெரிவிக்கும் கடிதம், நானே சேர்த்து வைத்திருக்கும் என் சொந்தக் கோப்பில் 214ஆம் தாளாக இருக்கிறது. “தங்கள் விலகல் ஏற்கப்பட்டது. ஏப்ரல் 10 மாலையுடன் தங்கள் பணி நிறைவடைகிறது” என்பது அதன் முழு வாசகம். இருபத்தொரு ஆண்டுகளுக்கு இரண்டு வாக்கியங்கள்.

இன்று ஏப்ரல் 2. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இதை நிர்வாகத்துக்கு எழுதுகிறேன். ஆனால் முப்பத்தேழு பிரதிகள் கூடுதலாக எடுத்திருக்கிறேன். என் சொல்லை நம்பி ஓர் ஆய்வில் சேர்ந்த முப்பத்தேழு பேருக்கும், பெயர் எழுதாத உறையில், என் கையாலேயே கொடுப்பேன். அவர்களில் சிலர் இப்போது என்னைக் கண்டால் அடுத்த படிக்கட்டு வழியாக இறங்கிப் போகிறார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கீழ்த்தளத்தில் உள்ள பதிவேட்டு அறையின் காப்பாளர். நோயாளிகளின் பழைய கோப்புகள் அனைத்தும் என் பொறுப்பு. இந்த அறைக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது துடைப்பத்தோடு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். தரையைத் துடைக்கும்போது கீழ்த்தட்டில் உள்ள எண்கள் கண்ணில் படும். 10340க்குப் பக்கத்தில் 22740 நிற்கும். அதற்குப் பக்கத்தில் 8140. அவை ஏன் வரிசையாக இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்துத்தான் இங்கே அடுக்குகிறார்கள் என்பது பிடிபட நான்கு மாதங்கள் ஆயின. யாரும் சொல்லித் தரவில்லை. பிடிபட்ட வாரத்திலேயே, தட்டு மாறி இருந்த ஒன்பது கோப்புகளின் எண்களை ஒரு தாளில் எழுதி அப்போதைய காப்பாளரின் மேசையில் வைத்தேன்.

“கூட்ட வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார். ஒன்பதையும் சரிசெய்துகொண்டார். கண்டுபிடித்தவர் தாம் என்று மேலே சொல்லியும் கொண்டார். நான் கொடுத்த தாளுக்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் ரசீது கேட்கிறேன்.

அதனால் எனக்கு ‘ரசீது’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு ரசீதக்கா. “ரசீதக்கா, இப்பதான் தும்மினேன், தேதி போட்டு வெச்சுக்கோங்க” என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். மேலிருந்து வரும் சுற்றறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் நான் எழுத்துத் தமிழ் கற்றேன். அவற்றில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வைப்பேன், யாரிடமும் காட்டமாட்டேன். பன்னிரண்டாம் ஆண்டில் தேர்வு எழுதிக் காப்பாளர் ஆனேன். நியமனக் கடிதம் 61ஆம் தாள். அதை வாங்கிய அன்றும் பெற்றுக்கொண்டதற்கு நகல் கேட்டேன்.

2022 பிப்ரவரியில் ஆய்வுத் தங்கச்சி வந்தார். அவர் பெயரை எழுத ஆய்வின் விதி இடம் தராது. முப்பது வயது இருக்கும், தோளில் ஒரு துணிப்பை, பையில் எப்போதும் படிவங்கள். வேலை செய்கிறவர்களின் மனநிறைவையும் நலத்தையும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு எழுதும் ஆய்வு அது. தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேன்டீனில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரமாக அந்த மேசைக்கு வந்தவர்கள் உப்பு டப்பாவைக் கேட்டு வந்தவர்கள் மட்டுமே.

நான்தான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“எத்தனை வருஷம்மா?”

“பத்துக்கா. மாசம் ஒரு போன், வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல.”

“பத்து வருஷம் நல்லா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்களா? எங்க வீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.”

“அப்ப சேர்ந்துடுங்கக்கா. கேக்குறதுக்கு ஒரு ஆளாவது இருக்கும்.”

படிவத்தை வாங்கி இரண்டு நாள் படித்தேன். முதல் ஐயம், சொல்வது வெளியே போகுமா என்பது. போகாது, யார் ஆய்வில் இருக்கிறார் என்பதைக்கூட யாரிடமும் உறுதி செய்யமாட்டார்கள். இரண்டாவது, நடுவில் நிறுத்திக்கொள்ளலாமா என்பது. நிறுத்தலாம். ஆனால் அதற்கான படிவத்தின் தலைப்பு ‘பங்கேற்புச் சம்மதத்தை மீளப்பெறுதல்’ என்று இருந்தது.

“இதை எங்காளுங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரிடையர் ஆயிடுவாங்க” என்றேன்.

“வேற என்ன போடலாம்?”

“விலகல். அவ்வளவுதான். விலகல்னா எல்லாருக்கும் புரியும்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஜூன் மாதம் புதிதாக அச்சடித்து வந்த படிவத்தில் ‘விலகல் படிவம்’ என்று இருந்தது. அந்தச் சொல்லைக் கொடுத்தவள் நான். இதை நிர்வாகம் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறேன்.

ஆள் சேர்ப்பதையும் நானே மேற்கொண்டேன். யாரும் வேலைக்கு வைக்கவில்லை. கோப்பு வாங்க வருகிறவர்களிடம், கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் பேசுவேன். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது சலவைப் பிரிவு. அங்கே நீராவிக் கொதிகலனைப் பார்க்கிறவரை ஆவி அண்ணன் என்போம். தான் ஆய்வில் இருப்பது ஊருக்கே தெரியும், எழுதிக்கொள் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தது 231ஆம் தாள். ஆகவே எழுதுகிறேன்.

“திருப்தின்னு எழுதினா சம்பளத்தை ஏத்த மாட்டாங்க. திருப்தி இல்லன்னு எழுதினா ஆளையே வண்டியேத்தி விட்டுடுவாங்க. எதுக்கு வம்பு ரசீது?” என்றார்.

“யாருக்கும் தெரியாதுண்ணே. பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லணும், அவ்வளவுதான்.”

“என் கொதிகலன்ல பத்துக்குப் போனா வால்வு திறக்கும். இதுல வால்வு எங்க இருக்கு?”

“நான் இருக்கேன். ஒரு எழுத்து வெளிய போச்சுன்னா என்னை வந்து கேளுங்க.”

அவர் கையெழுத்திட்டார். அவர் போட்டதைப் பார்த்துச் சலவைப் பிரிவில் மட்டும் பதினோரு பேர் போட்டார்கள். மொத்தம் முப்பத்தேழு. எல்லோரிடமும் நான் சொன்னது அந்த ஒரே வாக்கியத்தைத்தான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மாதாந்தரக் கேள்விகளில் ஒன்று: “கடந்த முப்பது நாளில், காலையில் வேலைக்குக் கிளம்ப மனமில்லாமல் இருந்த நாட்கள் எத்தனை?” முதல் மாதம் பூஜ்யம் என்றேன். அதுவரை அப்படி ஒரு விஷயத்தை நான் எண்ணிப் பார்த்ததே கிடையாது. காலையில் எழுந்தால் கிளம்புவேன். கேட்ட பிறகு எண்ணத் தொடங்கினேன். எண்ணுவது என் சுபாவம். செருப்பு மாட்டும்போதே இன்று மனம் இருக்கிறதா என்று பார்ப்பேன்; பார்த்தாலே கொஞ்சம் குறையும். நாட்காட்டியில் புள்ளி வைத்தேன். மூன்றாம் ஆண்டில் புள்ளிகள் பத்தொன்பதுக்கு வந்தன. வேலையில் எதுவும் மாறவில்லை. அதே அறை, அதே அடுக்கு, அதே ஏணி.

இந்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி ஆய்வுத் தங்கச்சியிடம் போய் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

“காரணம் சொல்ல வேண்டியதில்லக்கா.”

“நான் சொல்லணும். எழுதிக்கோங்க. இந்த வேலையில நான் நிலைச்சு இருக்கணும்னா உங்க கேள்வி நிக்கணும்.”

அவர் தம்மிடம் உள்ள என் ஆய்வுக் கோப்பின் குறிப்புத் தாளில் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு விலகல் படிவத்தைக் கொடுத்தார். இரண்டு தாள்கள் கொண்டது. முதல் தாளில் ஆய்வைப் பற்றிய விளக்கம். இரண்டாம் தாளில், ‘விலகல் படிவம்’ என்ற தலைப்பு, “என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன். எவருடைய வற்புறுத்தலும் இல்லை” என்ற வாசகம், பெயர், பணியாளர் எண், பிரிவு, தேதி, கையெழுத்து. பெயர் இருக்கும் தாளில் ஆய்வின் பெயர் இருக்கக் கூடாது என்பது அவர்களின் இரகசிய விதி. நான் வழக்கம்போல ரசீது கேட்டேன். அதே விதிப்படி அவர் எழுதித் தந்தார்: “விலகல் படிவம் ஒன்று பெற்றுக்கொண்டேன்.”

மறுநாளிலிருந்து அவருக்கு இரண்டு வாரம் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்தவர் ஆய்வுக்குப் புதியவர்; அவர் மேசைத் தட்டைக் காலி செய்யும்போது அந்த இரண்டாம் தாள் தனியாகக் கிடந்திருக்கிறது. தலைப்பு விலகல், கீழே பணியாளர் எண். இம்மருத்துவமனையில் ‘விலகல்’ என்றால் வேறென்ன? நல்ல எண்ணத்தோடுதான் அதைப் பணியாளர் பிரிவின் தட்டில் போட்டிருக்கிறார். எண்ணைப் பார்த்துத் தாளைப் போடுவது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அந்த வேலையைத்தான் செய்கிறேன்.

கடிதம் வந்த அன்றே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். பணியாளர் பிரிவு அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“சார், நான் ராஜினாமா பண்ணல. இது ஒரு ஆய்வுக்குக் கொடுத்த தாள்.”

“எந்த ஆய்வும்மா? இதுல ஆய்வுன்னு ஒரு வார்த்தை காட்டுங்க.”

காட்ட முடியவில்லை.

“இது உங்க கையெழுத்துதான?”

“ஆமா.”

“யாராவது மிரட்டி வாங்கினாங்களா?”

“இல்ல.”

“கொடுத்ததுக்கு ரசீது வாங்கியிருக்கீங்களா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இருபத்தொரு ஆண்டுகளில் நான் சேர்த்த ரசீதுகளில் எனக்கு எதிராகப் பேசிய முதல் ரசீது அது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, முகம் மாறாமல் திருப்பிக் கொடுத்தார்.

“விலகல் படிவம்னுதான் போட்டிருக்கு. ஆய்வுல இருந்தீங்கன்னா அவங்க எழுதிக் கொடுக்கட்டும். நான் பார்க்கிறேன்.”

ஆய்வுத் தங்கச்சி விடுப்பு முடிந்து வந்ததும் அவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“நீங்க ஆய்வுல இருந்தீங்கன்னு நான் எழுதணும்னா உங்க சம்மதம் வேணும்க்கா. அந்தச் சம்மதப் படிவத்துல பாதிக்கு இடமில்ல. காட்டினா கோப்பு முழுசும் காட்டணும்.”

“முழுசும்னா?”

“மூணு வருஷப் பதிலும்.”

இங்கேதான் நான் நின்றேன். என்னைக் காப்பாற்றும் வாக்கியம் அந்தக் கோப்பில் இருக்கிறது. அதே கோப்பில் என் மதிப்பெண்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற எவரும், இவள் போகத்தான் நினைத்தாள் என்று சொல்லலாம். அதைவிட முக்கியமாக, 22ஆம் கேள்வி இருக்கிறது: “வேலையிடத்தில் யாருக்காகக் கவலைப்படுகிறீர்கள்?” அதற்கு நான் சொன்ன பதிலில் இன்னொருவர் இருக்கிறார். அவர் யார், கவலை என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பதில் மூன்றாம் மாடிக்குப் போனால், போவது என் வேலை மட்டுமாக இருக்காது.

மார்ச் 19ஆம் தேதி அதிகாரி என்னை மீண்டும் அழைத்தார். அவர் ஒரு வழி வைத்திருந்தார். தவறுதலாகப் பணி விலகிவிட்டேன், மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் என்று நான் எழுதிக் கொடுத்தால், ஏப்ரல் 11 முதல் புதிய நியமனமாக அதே அறையில் அமர்த்துவார்கள். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாலையில் கை கழுவிக்கொண்டே தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“போட்டுட்டுப் போயேன். பழைய நாற்காலிதான?”

“நாற்காலி பழசுதான். நான்தான் புதுசாயிடுவேன். இருபத்தொரு வருஷம் அழிஞ்சிடும்ங்க.”

“லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? எல்லா பட்டனையும் அமுக்கிட்டே இருப்பாங்க. ஒண்ணும் நகராது. நீ அதைத்தான் பண்ற.”

“கதவைத் திறக்கிற ஆளு வரலன்னா வேற என்ன பண்றது?”

“கத்தலாம்.”

“கத்தினதுக்கு ரசீது கிடைக்காது.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றதும், “வேலை போயிட்டா நீ வீட்டுல எதை அடுக்குவ?” என்றார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் எனக்குப் பதிலாக வரப்போகிறவரை அனுப்பினார்கள். அடுக்குகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி உத்தரவு, 222ஆம் தாள். நல்ல பெண். கடைசி இரண்டு இலக்கங்களை அரைமணியில் பிடித்துக்கொண்டார். ஏணியில் நின்றபடியே, “இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க, ஏன்க்கா விலகுறீங்க?” என்று கேட்டார். 40ஆம் தட்டை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் ஆவி அண்ணன் நின்றிருந்தார். வழக்கமான கிண்டல் இல்லை.

“ரசீது, உன் தாள் போன வழியில எங்க தாளும் போயிருக்குமா?”

“போயிருக்காதுண்ணே.”

“தெரிஞ்சு சொல்றியா, நெனச்சு சொல்றியா?”

அவர் ஒரு படி கீழே இறங்கி வந்தார்.

“நீதான ஒரு எழுத்து வெளிய போச்சுன்னா வந்து கேளுங்கன்ன? கேக்குறேன். எழுதிக் கொடு.”

இருபத்தொரு ஆண்டுகளில் என்னிடம் யாரும் ரசீது கேட்டதில்லை. கையில் பேனா இருந்தது. எழுத எதுவும் இல்லை.

அன்று கீழே வந்து, என் கோப்பை முதல் தாளிலிருந்து படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதிய ஒரு சீட்டில் கை நின்றது, 140ஆம் தாள். புதிய விலகல் படிவம் அச்சாகி வந்தபோது, ‘விருப்பத்தின்பேரில்’ என்ற சொல்லில் ‘ப்’ என்ற எழுத்துக்குப் புள்ளி விழவில்லை, ‘விருபபத்தின்பேரில்’ என்றிருக்கிறது, திருத்தவும் என்று ஆய்வுத் தங்கச்சிக்கு எழுதியிருக்கிறேன். “இரண்டாயிரம் பிரதி அடித்துவிட்டோம் அக்கா, அடுத்த அச்சில் பார்க்கலாம்” என்று அதன் கீழேயே அவர் பதில் எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடியில் உள்ள தாளின் நகலை முன்பே எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், 219ஆம் தாள். எடுத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை.

யாருடைய கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. எழுதாத, வெற்றுப் படிவம் எவருடைய இரகசியமும் ஆகாது. மார்ச் 26ஆம் தேதி ஆய்வுத் தங்கச்சியிடம் போய், வெற்று விலகல் படிவம் ஒன்று, இரண்டு தாளோடும், முத்திரையோடும் வேண்டும் என்று கேட்டேன்.

“அதை வெச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?”

“ஒரு புள்ளியைக் காட்டப் போறேன்.”

அவர் தம் மேலதிகாரியிடம் இரண்டு முறை போய்வந்தார். பிறகு, 2022 ஜூன் முதல் தங்கள் ஆய்வில் பயன்படுத்தப்படும் படிவம் இதுவே என்று சான்றெழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்: மற்ற கோப்புகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்ததாகவும், ஒரு தாளும் குறையவில்லை என்றும், பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கை மட்டும் சொல்லும் ஒரு கடிதம். 228, 229ஆம் தாள்கள். ஆவி அண்ணன் கேட்டது இந்த 229தான். அதன் நகலை முப்பத்தேழு உறைகளிலும் வைத்திருக்கிறேன்.

பணியாளர் பிரிவின் சொந்த ராஜினாமாப் படிவமும் என்னிடம் இருக்கிறது. அதில் ‘பணி விலகல்’ என்று இருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. மூன்றையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நான் கையெழுத்திட்ட தாள் ஆய்வுப் படிவத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. மற்றதோடு பொருந்தவில்லை. அதிகாரியும் தம் ஜன்னலில் வைத்துப் பார்க்கலாம். வெளிச்சத்துக்குக் காலை பத்து மணி உகந்தது.

பாக்கி இருப்பது என் மதிப்பெண்கள். கோப்பைத் திறக்காமலேயே அவற்றை நானே சொல்லிவிடுகிறேன். என் பதில்களைச் சொல்ல எனக்கு விதித் தடை இல்லை. வேலையில் திருப்தி: முதல் ஆண்டு எட்டு, இரண்டாம் ஆண்டு ஐந்து, மூன்றாம் ஆண்டு இரண்டு. இரண்டு என்று சொன்ன மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நான் அறையைத் திறந்தேன். வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பிப்ரவரி 24க்குப் பிறகு நாட்காட்டியில் நான் புள்ளி வைக்கவில்லை. இப்போது கேட்டால் எவ்வளவு சொல்வேன் என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் வேண்டாம். நான் விலகியது அந்தக் கேள்வியிலிருந்து. இந்த அறையிலிருந்து அல்ல.

மன்னிப்புக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது.

நிர்வாகத்திடம் நான் கேட்பது ஒன்றே. மார்ச் 11 கடிதத்தில் “தங்கள் விலகல்” என்று எழுதியிருக்கிறீர்கள். எதிலிருந்து என்று எழுதவில்லை. நான் எதிலிருந்து விலகியதாக நிர்வாகம் கருதுகிறது, எந்தத் தாளைக் கொண்டு அப்படிக் கருதுகிறது என்பதை, ஏப்ரல் 8ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள், அதிகாரியின் கையொப்பத்தோடும் கோப்பு எண்ணோடும் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் பதிலைப் பதிலாகக் கொள்ளமாட்டேன். இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு, இதைக் கொண்டுவருகிறவளிடமே ரசீது தரவும். எந்தக் கடிதத்துக்கான ரசீது என்பதை அதில் முழுமையாக எழுதவும்.